தூக்குவது வேறு, தாங்குவது வேறு

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சிறிய அறை நிற்கிறது. உள்நீளம் 3 மீட்டர், அகலம் 1.9 மீட்டர், உயரம் 1.95 மீட்டர். காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் முகாம் வண்டி அது. கடையில் வாங்கியதல்ல. லோரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த என் மாமாவும், பல்கலைக்கழக விடுமுறைகளில் அவருக்குக் கையாளாக நின்ற நானும் சேர்ந்து கட்டியது.

அந்த வண்டியில் உள்ள ஒரே ஒரு பொருளைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். பகலில் கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்து, இரவில் முழங்கால் உயரத்துக்கு இறங்கி வரும் கட்டில் அது. பார்ப்பவர்கள் எல்லாரும், "எப்படித் தூக்குகிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். கட்டத் தொடங்கியபோது நாங்களும் அதையேதான் கேட்டுக்கொண்டோம். அது தவறான கேள்வி என்பதை உணர ஒரு விபத்து நேர வேண்டியிருந்தது.

ஏன் ஏறி இறங்க வேண்டும்?

மோரிப், போர்ட்டிக்சன் போன்ற கடற்கரைகளுக்கு முகாம் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். கூடாரத்தில் நாங்கள் படுத்துவிடுவோம். பாட்டியால் முடியாது. வயது எழுபத்து நான்கு, முழங்கால் வலி. தரையில் படுத்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டும். "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லத் தொடங்கிய பிறகுதான் மாமா இந்த வண்டியைக் கட்ட முடிவு செய்தார்.

பாட்டிக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 1.85 மீட்டர் நீளமும் 1.35 மீட்டர் அகலமும் கொண்ட கட்டில் தேவை. அதை நிரந்தரமாகத் தரையில் வைத்தால் வண்டியில் ஏறக்குறைய பாதி இடம் போய்விடும். நம் நாட்டு மாலை மழையில் அனைவரும் உள்ளே உட்கார வேண்டிய நேரத்தில் மேசை போட இடம் இருக்காது. கட்டிலை மேலேயே பொருத்தி ஏணி வைத்தாலோ பாட்டியால் ஏற முடியாது. ஆகவே, பாட்டி கட்டிலிடம் ஏறிப் போகக்கூடாது. கட்டில் பாட்டியிடம் இறங்கி வரவேண்டும். அடிப்பாகம் பகலில் தரையிலிருந்து 170 சென்டிமீட்டரிலும் இரவில் 50 சென்டிமீட்டரிலும் இருக்கவேண்டும். இடையில் உள்ள 120 சென்டிமீட்டர்தான் எங்கள் சிக்கல்.

ரயில் படுக்கை

இந்த எண்ணம் எங்களுக்கு ரயிலிலிருந்து வந்தது. தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் என் அம்மா பிறந்தார். இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம், 2001-இல் அந்நிலையம் திறக்கப்படுவதற்கு முன்பு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய முற்றமாக இருந்தது. இரவு ரயிலில் சிங்கப்பூருக்குப் போன கதைகளைப் பாட்டி இன்றும் சொல்வார். அந்தக் கதைகளில் மேல்படுக்கை கட்டாயம் வரும்.

இடத்தை மிச்சப்படுத்தப் படுக்கையை மேலே மடித்து வைக்கும் உத்தி மிகப் பழையது. அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் 1860களில் கட்டிய படுக்கைப் பெட்டிகளில் மேல்படுக்கை பகலில் கூரையோரமாக மடிந்துவிடும். இந்திய ரயில்களின் மூன்றடுக்குப் பெட்டிகளில் நடுப்படுக்கை பகலில் முதுகுச்சாய்வாக இருக்கும். இரவில் அதைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டுவார்கள்.

இங்கே ஒரு துயரச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் மாதம் எர்ணாகுளத்திலிருந்து டில்லி ஹஸ்ரத் நிஜாமுதீனுக்குச் சென்ற மில்லேனியம் விரைவு ரயிலில், கீழ்ப்படுக்கையில் இருந்த கேரளப் பயணி ஒருவர்மீது மேலே இருந்த படுக்கை விழுந்தது. அவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். படுக்கையைப் பரிசோதித்தபோது அதில் பழுது எதுவும் இல்லை என்றும், சங்கிலி சரியாக மாட்டப்படாததே காரணம் என்றும் ரயில்வே நிர்வாகம் விளக்கியது.

சிந்தித்துப் பாருங்கள். பலகை உடையவில்லை; சங்கிலி அறவில்லை. பூட்டு விழுந்ததா இல்லையா என்று ஒருவர் உறுதி செய்யாததால் ஓர் உயிர் போனது. எங்கள் வண்டியிலும் அந்தக் கட்டிலுக்கு நேர்கீழேதான் மேசையும் இருக்கைகளும் இருக்கின்றன. என் தம்பி அங்கே உட்கார்ந்துதான் மீ கோரேங் சாப்பிடப் போகிறான்.

நான்கு மூலையும் ஒன்றாக

முதலில் தூக்கும் முறையைப் பார்ப்போம். கட்டிலின் நடுவில் ஒரே கயிற்றைக் கட்டித் தூக்கினால் அது தராசுத் தட்டுபோல் சாயும். எனவே நான்கு மூலைகளிலும் கயிறு வேண்டும். நான்கும் ஒரே அளவில் ஏறவும் வேண்டும். பழைய மேசையின் இழுப்பறையை ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள்; கோணிக்கொண்டு சிக்கிக்கொள்ளும். சுவருக்கும் சுவருக்கும் இடையில் 5 சென்டிமீட்டர் மட்டுமே மிச்சமுள்ள எங்கள் கட்டிலும் அப்படித்தான் சிக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. நான்கு கயிறுகளையும் கூரையோரக் கப்பிகள் வழியாக வண்டியின் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். இடப்பக்கக் கயிறுகள் ஆளுக்கொரு கப்பியில் திரும்பும். வலப்பக்கக் கயிறுகள் கூரைக்குக் கீழே குறுக்காக வந்து இரண்டாவது கப்பியிலும் திரும்பும். இப்படி ஆறு கப்பிகள். நான்கு கயிறுகளின் முனைகளும் ஒரே இரும்புத் தகட்டில் மாட்டப்பட்டிருக்கின்றன. தகடு கோணாமல் ஒரு தண்டவாளத்தில் ஓடும். அதிலிருந்து ஒரே ஒரு கயிறு ஏழாவது கப்பியில் இறங்கி, முன்சுவரில் இடுப்புயரத்தில் உள்ள கைவிஞ்சுக்குப் போகிறது. தகடு 120 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால் நான்கு மூலைகளும் 120 சென்டிமீட்டர் ஏறும்.

புதிய கயிறு முதல் சில நாள்களில் சற்று நீளும். நான்கும் ஒரே அளவில் நீளுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு டேர்ன்பக்கிள் பொருத்தி, நீர்மட்டம் வைத்துப் பார்த்துத் திருகிச் சரிசெய்தோம்.

கொஞ்சம் கணக்கு

12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை 18 கிலோ. இரும்புச் சட்டம் 14 கிலோ. 10 சென்டிமீட்டர் நுரை மெத்தை 6 கிலோ. போர்வை, தலையணை 2 கிலோ. ஆக மொத்தம் 40 கிலோ. (இயற்பியல் விரிவுரையாளர்கள் நியூட்டனில் கேட்பார்கள், பட்டறையில் கிலோதான் பேச்சு.) நான்கு கயிறுகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 10 கிலோ.

ஆனால் அந்த 10 கிலோவை நம்பிக் கயிறு வாங்கக்கூடாது. ஒரு மூலை சிக்கினால் சுமை முழுவதும் மற்றொரு கயிற்றுக்குப் போய்விடும். எந்த ஒரு கயிறும் தனியாகவே முழுக் கட்டிலையும் தாங்க வேண்டும். நாங்கள் வாங்கிய 4 மில்லிமீட்டர் கம்பிக் கயிறு அறுவதற்கு 800 கிலோவுக்கு மேல் வேண்டும். அதாவது, முழுச் சுமையைப்போல் இருபது மடங்கு.

கப்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. கீழிருந்து வரும் கயிறு செங்கோணத்தில் திரும்பும்போது கப்பியை இரண்டு பக்கமும் இழுக்கிறது. எனவே 10 கிலோ தொங்கினால் கப்பியின் இருசில் விழுவது 10 கிலோ அல்ல. ஏறத்தாழ 14 கிலோ. அந்த இழுப்பும் கீழ்நோக்கி அல்லாமல் சாய்வாக இருக்கும். கூரைப் பலகையில் திருகாணி போட்டுக் கப்பியை மாட்டினால் அது மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டு வரும். கப்பியை இரும்புச் சட்டத்தில்தான் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கப்பி சிறியதாகவும் இருக்கக்கூடாது. 4 மில்லிமீட்டர் கயிறு விரல் தடிப்புள்ள கப்பியில் மடங்கி மடங்கி ஓடினால் உள்ளே இழை இழையாக அறுந்துபோகும். எங்களுடைய கப்பிகள் 8 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை.

கயிற்று முனையை மடித்துக் கண்ணி போடும்போது இறுக்கும் கிளாம்பிலும் கவனம் தேவை. அதில் வளைந்த கம்பி ஒரு பக்கம், சேணம்போல் அகன்ற அடிப்பகுதி மறுபக்கம். சேணம் சுமை தாங்கும் நீளக் கயிற்றின்மேல் அமர வேண்டும். வளைந்த கம்பி வெறும் முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால், சுமை தாங்கும் கயிற்றையே அந்தக் கம்பி நசுக்கிவிடும். மாமா நான் போட்ட முதல் இரண்டு கிளாம்புகளையும் பேசாமல் கழற்றித் திருப்பிப் போட்டார்.

கைப்பிடி பறந்த நாள்

எல்லாம் சரியாக இருந்தும் நாங்கள் எங்கே சறுக்கினோம்? விஞ்சில்.

முதலில் நாங்கள் மாட்டியது, படகைக் கரையேற்றி வண்டிமேல் இழுக்கப் பயன்படும் சாதாரணக் கைவிஞ்சு. அதில் பற்சக்கரத்தைத் தடுக்கும் ஒரு சிறு நாக்கு உண்டு. ஏற்றும்போது டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொள்ளும். கட்டில் அழகாக ஏறியது. அம்மா கைதட்டினார். நான் கீழே போய் மேசையை மடித்துவிட்டு வெளியே வந்தேன்.

இறக்குவதற்கு அந்த நாக்கை விலக்க வேண்டும். விலக்கிய நொடியில் 40 கிலோவும் மாமாவின் ஒரு கையில் வந்து விழுந்தது. கைப்பிடி அவர் பிடியிலிருந்து நழுவி, காற்றாடிபோல் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. கட்டில் தடாலென்று இறங்கி மோதியது. இருக்கை ஒன்றின் பலகை பிளந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்பு என் தலை அந்த இடத்தில் இருந்தது.

மாமாவின் எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் வீங்கியிருந்தது. அன்று மாலை விஞ்சு வந்த பெட்டியைத் தேடி எடுத்து வாசித்தோம். இழுப்பதற்கு மட்டும், தூக்குவதற்கு அல்ல என்று சிறிய எழுத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. குற்றம் விஞ்சினுடையதல்ல, வாசிக்காத எங்களுடையது.

மறுவாரம் தானியங்கித் தடுப்பு உள்ள விஞ்சு வாங்கினோம். இதில் கையை விட்டால் சுமை நின்ற இடத்திலேயே நிற்கும். இறக்குவதற்கும் கைப்பிடியைச் சுற்றியே ஆக வேண்டும். பற்சக்கரம் நான்குக்கு ஒன்று என்பதால் ஏறக்குறைய முப்பது சுற்று. உராய்வையும் சேர்த்து இரண்டு கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். பாட்டியே சுற்றுகிறார்.

தாங்குவது எது?

நல்ல விஞ்சு வந்ததும் நான் வேலை முடிந்தது என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "இது தூக்குற சாமான். தூக்குறத நம்பி எவனும் கீழ உட்கார மாட்டான்" என்றார். லோரியின் தட்டை ஜேக்கால் தூக்கிவிட்டு, முட்டு வைக்காமல் அடியில் நுழைந்தவர்களின் கதைகள் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

இதே உண்மையை உலகுக்குக் காட்டியவர் எலிஷா ஓட்டிஸ். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் அவர் ஒரு தூக்குமேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. கயிறு தளர்ந்தவுடன் பக்கவாட்டுப் பற்களில் போய்ப் பிடித்துக்கொள்ளும் பொறியை அவர் அமைத்திருந்தார். அறாத கயிற்றைத் தேடிப் போகாமல், கயிறு அறுந்தாலும் தாங்கும் இன்னொன்றை வைத்தார். இன்று நாம் அடுக்குமாடிகளில் அச்சமின்றி மின்தூக்கியில் ஏறுவதற்கு அந்த எண்ணமே அடிப்படை.

எங்கள் கட்டிலில் அந்த இன்னொன்று மிக எளியது. மேல்நிலையில், ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றாக 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள நான்கு எஃகுக் கடையாணிகள். மாட்டு வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் தடுக்கும் கடையாணியின் வேலைதான் இதற்கும். சுவரின் இரும்புச் சட்டத்தில் பற்றவைத்த தகட்டின் வழியாகவும் கட்டில் சட்டத்தின் வழியாகவும் அது செல்லும். கீழ்நிலையில், சுவர்ச் சட்டத்தோடு பற்றவைத்த இரும்பு விளிம்பில் கட்டில் உட்கார்ந்துவிடும். உறங்குபவர்களின் எடை சட்டம் வழியாக அச்சுக்கும் சக்கரத்துக்கும் போகும். கயிற்றில் யாரும் உறங்குவதில்லை.

கடையாணி செருகியிருப்பதால் மட்டும் அது சுமக்கிறது என்று பொருளல்ல. செருகிய பிறகு விஞ்சை அரைச் சுற்று தளர்த்துவோம். நான்கு கயிறுகளும் தொய்ய வேண்டும். கயிறு தொய்ந்தால் கடையாணி சுமக்கிறது. ஏதாவது ஒரு கயிறு இன்னும் விறைப்பாக இருந்தால் அந்த மூலையில் ஏதோ சரியில்லை. இதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டும் பார்க்கலாம். கட்டில் நகரும்போது அதன்மேல் யாரும் இருக்கக்கூடாது, கீழும் யாரும் இருக்கக்கூடாது என்ற இரண்டு விதிகளையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பாட்டியின் சோதனை

முதல் இரவுக்கு முன் பாட்டி கட்டிலைச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம், "ஐயா, இழுத்துப் பார்த்தியா?" என்று கேட்டார்.

பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீட்டில் ஏணை கட்டினால், குழந்தையைப் போடுமுன் சேலையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தம் முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். ஐந்து கிலோ குழந்தைக்கு ஐம்பது கிலோ சோதனை! பொறியியலில் இதற்குச் சுமைச் சோதனை என்று பெயர். விரிவுரை மண்டபத்தில் அதைக் கற்றபோது எனக்கு ஏணை நினைவுக்கு வரவில்லை.

இருவர் படுத்தால் 140 கிலோ என்று கொண்டோம். அதன் ஒன்றரை மடங்கு 210. வீட்டில் திருத்த வேலைக்கு வாங்கிய 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் நான்கையும் ஒரு 10 கிலோ அரிசிப் பையையும் கீழ்நிலைக் கட்டிலில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் விட்டோம். காலையில் விளிம்புகளை அளந்தோம். மூன்று இடங்களில் மாற்றமில்லை. நான்காவது 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பற்றவைப்பில் ஒரு பக்கம் சரியாக உருகிச் சேரவில்லை. சாணை பிடித்து எடுத்துவிட்டு மாமா மீண்டும் பற்றவைத்தார். பாட்டி கேட்டிராவிட்டால் அந்த மூலையில்தான் அவருடைய தலைமாடு இருந்திருக்கும்.

சாலைக்கு வருமுன்

வண்டி ஓடும்போது கட்டில் கீழ்நிலையிலேயே பூட்டியிருக்க வேண்டும். 40 கிலோவைக் கூரையில் வைத்துக்கொண்டு போனால் வண்டியின் எடைமையம் உயர்ந்து, வளைவுகளில் ஆட்டம் கூடும். வண்டியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ முன்கொக்கியில் விழும்படி சாமான்களை அடுக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகம் கூடும்போது வண்டி வாலாட்டும். காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

இன்னொன்று, வீட்டில் கட்டியது என்பதற்காக நினைத்தவுடன் சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இழுவை வண்டியும் முறைப்படி பதிவு பெறவேண்டும். அதற்கான வரைபடம், பரிசோதனை, ஒப்புதல் வேலைகளில் இப்போது இறங்கியிருக்கிறோம். அதுவரை வண்டி வாசலிலேயே நிற்கும். கட்டத் தொடங்குமுன்பே இலாகாவில் விசாரித்துவிடுங்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லும் அறிவுரை.

நிறைவாக

தமிழ்ப்பள்ளியில் எளிய எந்திரங்கள் என்ற பாடத்தில் கப்பி, நெம்புகோல், சக்கரமும் இருசும் என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அதே கப்பி மலாயில் தக்கால் ஆனது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் புல்லி ஆனது. மூன்று மொழிகளில் மூன்று தேர்வுகளும் எழுதித் தேறினேன். ஆனால் பட்டறையில் மாமா, "அந்தக் கப்பிய எடு" என்று கைநீட்டியபோதுதான் முதல்முறையாக ஒரு கப்பியின் எடையைக் கையில் உணர்ந்தேன். நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஏணையும் கடையாணியும் முட்டுக்கட்டையுமாக இருக்கும் அறிவு, நம் பாடநூல்களில் இருக்கும் அறிவுதான். கேட்டு எழுதிவைக்க நாம்தான் முன்வர வேண்டும்.

நண்பர்களே, உங்களில் பலர் முகாம் வண்டி கட்டப்போவதில்லை. ஆனால் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று தலைக்குமேல் இருக்கிறது. தொங்கும் அலமாரி, சுவர்த் தொலைக்காட்சி, குழந்தைக்கு ஸ்பிரிங் மாட்டிய ஏணை. இது எப்படி மேலே போனது என்று கேட்காதீர்கள். இப்போது இதைத் தாங்கிக்கொண்டிருப்பது எது, அது விட்டுவிட்டால் அடுத்தது எது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் இன்றே ஏதாவது செய்யுங்கள்.

வண்டி இன்னும் கடற்கரையைப் பார்க்கவில்லை. ஆனாலும் கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மழை இரவு, வாசலில் நின்ற வண்டிக்குள் பாட்டி தாமே விஞ்சைச் சுற்றிக் கட்டிலை இறக்கினார். நான்கு கயிறுகளையும் ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தார். எல்லாம் தொய்ந்திருந்தன. பிறகுதான் படுத்தார்.